வெளிர் ரோஜா தீர்மானம்

பெண் பிள்ளைகள் எந்த நிறத்தில் பாவாடை கட்ட வேண்டும் என்று முடிவு செய்ய மூன்று ஆண்கள் கூடினார்கள். அரியலூரிலிருந்து திருமானூர் போகும் பஸ் பாதையில் இருந்த அந்தப் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு வருகிற ஆவணியில் வெள்ளி விழா. இருபத்தைந்து வருஷமாகக் கருநீலப் பாவாடையும் வெள்ளைத் தாவணியுமாகவே பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துப் பள்ளிக் கமிட்டிக்கு அலுத்துப்போய்விட்டதாம். 1982ஆம் வருஷத்துச் சித்திரை வெயிலில், தலைமையாசிரியர் அறையில், ஓடாத மின்விசிறிக்குக் கீழே ஆளுக்கொரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

நான்காவதாகத் தையல் டீச்சர் செங்கமலமும் இருந்தாள். துணி சமாச்சாரம் ஆயிற்றே, அதனால் கூப்பிட்டிருப்பார்கள் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மினிட் புத்தகம் எழுத ஆள் வேண்டும். எத்தனை மீட்டர் துணி பிடிக்கும் என்று கேட்டால் சொல்ல வேண்டும், மற்ற நேரத்தில் அவள் வாய்க்கு லீவு.

அந்தக் கமிட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. மினிட் புத்தகத்தில் எழுதியதை, எழுதியவரே எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். அதன் பிறகுதான் கையெழுத்து. முன்பு இருந்த தலைவர் ஒருவர் என்ன ஏதென்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டு, தன் நெல் களத்தையே பள்ளிக்கு விளையாட்டு மைதானமாக எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. வாசித்துக் கேட்டுவிட்டால் பின்வாங்கக் கூடாது என்பதும் அதில் சேர்த்தி.

தலைமையாசிரியர் அமிர்தலிங்கம் ஒரு வாரப் பத்திரிகையின் மகளிர் பக்கத்தைக் கத்தரித்து எடுத்து வந்திருந்தார். அடர்ந்த நிறங்கள் வயதைக் கூட்டிக் காட்டும், வெளிர் நிறங்களே ஒரு பெண்ணின் மென்மையையும் இளமையையும் எடுத்துக் காட்டும் என்று அதில் போட்டிருந்தது. எழுதியவரும் ஓர் ஆண்தான். அமிர்தலிங்கம் அதைத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார், மூன்றாவது தடவை விளக்கமும் சொன்னார்.

தலைவர் ராசாங்கம் அரிசி மில் முதலாளி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை தவிர வேறு நிறம் அவர் மேல் பட்டு யாரும் பார்த்ததில்லை. எனவே நிறங்களைப் பற்றி ஒருதலைப்பட்சம் இல்லாமல் பேசும் தகுதி அவருக்கு இருந்தது. மூன்று பெண்களைப் பெற்றவர், மூவரையும் திருச்சியில் ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைத்தார். இந்தப் பள்ளிப் பிள்ளைகளையும் தன் பெண்களைப் போலத்தான் பார்ப்பதாக மேடை கிடைத்தபோதெல்லாம் சொல்வார்.

மூன்றாமவர் அப்துல் சுக்கூர், லப்பைக்குடிக்காட்டுக்காரர், அரியலூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். துண்டுத் துணிகளை மேஜையில் பரப்பினார். வாழைத்தண்டு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, வெளிர் ரோஜா என்று அந்த அறை அன்றுதான் கொஞ்சம் களையாக இருந்தது.

ஆராய்ச்சி தொடங்கியது. சிவப்பு ஒரு கட்சி. அதோடு கறுப்பைச் சேர்த்தால் இன்னொரு கட்சி, நடுவில் வெள்ளை தெரிந்தால் ஆளும் கட்சி. மஞ்சள் கட்டினால் சமயபுரத்துக்கு நடந்து போகிற கூட்டம் என்று நினைத்து ஜனங்கள் மோர் ஊற்றுவார்கள். கிளிப்பச்சை கண்ணைக் குத்தியது. கத்தரிப்பூ ராசாங்கத்தின் மாமியாருக்குப் பிடித்த நிறம், அதனால் ராசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் வெளிர் ரோஜாவை எடுத்து ராசாங்கம் தன் முழங்கை மேல் போட்டு அழகு பார்த்தார். மென்மை அப்படியே வழிந்தது. பாவாடையும் தாவணியும் இதே நிறம், சட்டை மட்டும் வெள்ளை என்று மூவரும் தலையாட்டினார்கள்.

செங்கமலத்தின் நினைப்பெல்லாம் அம்மாக்கண்ணு மேல் இருந்தது. ஒன்பது முடித்துப் பத்துக்கு வரப்போகிற பிள்ளை, அவர்கள் தெருவிலேயே அதுவரை படித்த முதல் பெண். அவள் அப்பா அரியமுத்து, ராசாங்கத்தின் வயலில்தான் கூலி வேலை செய்தார். மூன்று மைல் நடந்து வந்து மூன்று மைல் நடந்து போவாள். மாதத்தில் அந்த மூன்று நான்கு நாட்களிலும் வருவாள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கடைசியாக எழுந்து போவாள். கருநீலம் எதையும் காட்டிக் கொடுக்காது. தையல் வகுப்பில் செங்கமலம் பழந்துணியை மடித்து ஒரு தகரப் பெட்டியில் வைத்திருப்பாள், கேட்டு வருகிற பிள்ளைக்குக் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுப்பாள். வெளிர் ரோஜா வந்தால் அந்தப் பெட்டியால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இந்தப் பிள்ளைகள் மாதாமாதம் வீட்டில் தங்கிவிடுவார்கள், தங்குகிற பெண்ணை நிறுத்தக் காரணம் தேட வேண்டியதில்லை.

இதை மூன்று ஆண்களிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் சொல்ல வழி தேடினாள். அரியலூர் சிமெண்டு ஆலைக்குப் போய்வருகிற லாரிகள் வாசலில் கிளப்புகிற சிமெண்டுத் தூசியைக் கையில் எடுத்தாள். வெளிர் நிறம் ஒரே வாரத்தில் அழுக்காகிவிடும் என்றாள்.

ராசாங்கம் சிரித்தார். "தூசி வெள்ள நெறம் டீச்சர். கருநீலத்துலதான் பளிச்சுனு தெரியும். ரோஸ்ல படிஞ்சா யாருக்குத் தெரியப்போவுது?"

தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. பொய்க் காரணத்தோடு போனால் அதற்குச் சரியான பதில் வரத்தான் செய்யும். அப்துல் சுக்கூர் மட்டும் துணியை மடித்துக்கொண்டே இழுத்தார். "எங்க வூட்டுல ஜைனம்புகிட்ட கேட்டேங்க. பொம்பளப் புள்ளைவொளுக்குக் கருநீலம்தான் தோதுன்னுது. ஏன்னு கேட்டா சிரிச்சிட்டு அடுப்படிக்குப் போயிடுச்சு." பெண்களுக்கு எப்போதும் அடர்ந்த நிறத்தில்தான் ஆசை, ரசனை பிடிபட நாளாகும் என்று அமிர்தலிங்கம் முடித்து வைத்தார். செங்கமலம் எழுதினாள், எழுந்து நின்று வாசித்தாள்: மாணவியரின் மென்மைக்கும் இளமைக்கும் பெண்மைக்கும் உகந்த வெளிர் ரோஜா நிறம் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. கையெழுத்துகள் விழுந்தன.

ஜூன் மாதம் பள்ளி ரோஜாத் தோட்டமாகத் திறந்தது. ஆவணியில் விழாவும் நடந்தது. அரியலூரிலிருந்து வந்த போட்டோக்காரர் பிள்ளைகளை நான்கு வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார். கறுப்பு வெள்ளைப் படம். இரண்டு மணி நேரம் ஆராய்ந்து கண்டுபிடித்த நிறம் அதில் வெறும் சாம்பலாக விழுந்திருந்தது. அதைச் சட்டம் போட்டு அமிர்தலிங்கம் தன் தலைக்கு மேல் மாட்டிக்கொண்டார்.

செங்கமலம் அந்த ஏழு மாதமும் அந்த மூன்று பேரை நினைத்து மனதுக்குள் சிரித்தபடியே இருந்தாள். ஆசிரியைகள் அறையில் ராசாங்கம் முழங்கையில் துணி போட்டுப் பார்த்ததை நடித்துக் காட்டினாள், மற்ற டீச்சர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வகுப்பில் இடங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. ஜூலையில் அம்மாக்கண்ணு நான்கு நாள் வரவில்லை. ஆகஸ்டில் ஐந்து நாள். நடவு நாட்களில் அம்மாவோடு வயலுக்குப் போன நாட்களும் அதோடு சேர்ந்துகொண்டன. ஒரு நாள் தகரப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்று, டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள். செங்கமலம் கூப்பிடவில்லை.

தை மாதம் கணக்கெடுத்தபோது பத்தாம் வகுப்பில் பதினோரு பேருக்கு வருகை குறைந்திருந்தது. வருகை இல்லாவிட்டால் பொதுத் தேர்வு இல்லை. பெண்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று அமிர்தலிங்கம் வருத்தப்பட்டு, பதினோரு அப்பாக்களுக்கும் கடிதம் அனுப்பினார். எட்டுப் பேர் அதையே சாக்காக வைத்துப் பெண்ணை நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு பேர் பதில் போடவில்லை. கமிட்டி கூடிய நாளில் ஒரே ஒருவர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தலைமையாசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். அரியமுத்து.

உள்ளே கூப்பிட்டார்கள். உட்காரச் சொல்லவில்லை. மகளின் சோம்பேறித்தனத்துக்கு என்ன சமாதானம் என்று அமிர்தலிங்கம் கேட்டார். அரியமுத்துவுக்குச் சமாதானம் எதுவும் தயார் செய்து வரத் தெரியவில்லை.

"எம்மவ சோம்பேறி இல்லீங்க. வூட்டுக்குத் தூரமா இருக்கற நாளுல அந்த வெளுத்த பாவாடையக் கட்டிக்கிட்டு மூணு மைலு எப்பிடிங்க நடந்து வரும்? ஒரு தடவ கறையாயி, புத்தகப் பைய பின்னால வச்சி மறைச்சிக்கிட்டே வூடு வந்து சேந்துச்சு. பழைய நீலத்துல ஒண்ணும் தெரியாதுங்க. அதான் சங்கதி. நீலம் கட்ட வுட்டீங்கன்னா நாளைக்கே அனுப்பிடறேன்."

தலைமையாசிரியர் தன் தலைக்கு மேலிருந்த போட்டோவைத் திரும்பிப் பார்த்தார். அப்துல் சுக்கூர் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "யா அல்லாஹ், இதுக்குத்தான் சிரிச்சாளா" என்று முணுமுணுத்தார்.

ராசாங்கம் செங்கமலத்தைப் பார்த்தார். "இத முன்னாடியே யாராச்சும் சொல்லியிருக்கலாமுல்ல, டீச்சர்?"

ஏழு மாதம் மூன்று ஆண்களை நினைத்துச் செங்கமலம் சிரித்தாளே, அவர்களுக்காவது தெரியாது. எல்லாம் தெரிந்தவள் இந்த அறையில் ஒருத்தி இருந்தாள். ஒரு வாக்கியம் சொல்லக் கூச்சப்பட்டு லாரித் தூசியைப் பற்றிப் பேசிவிட்டுப் போய், அதை வேறு நடித்துக் காட்டிக் கைதட்டு வாங்கினாள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதர் நின்றபடியே அதைச் சொல்லி முடித்துவிட்டார், வானம் இடிந்து விழவில்லை. அவளுக்கு அவமானத்தில் காது சுட்டது.

கருநீலத்துக்குத் திரும்ப இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெளிர் ரோஜாவுக்கு இரண்டு மணி நேரம் பேசியவர்கள் இப்போது சீக்கிரம் எழுந்து போகத் தவித்தார்கள். தான் சொல்லச் சொல்ல எழுதும்படி செங்கமலத்திடம் அமிர்தலிங்கம் சொன்னார்: சாலையில் செல்லும் லாரிகளின் சிமெண்டுத் தூசியால் வெளிர் நிறம் விரைவில் பாழாவதால், பழைய சீருடையே மீண்டும் ஏற்கப்படுகிறது.

அவள் விட்ட அதே தூசி அவளிடமே திரும்பி வந்திருந்தது. செங்கமலம் பேனாவை எடுக்காமல், பதினோரு பிள்ளைகளின் வருகைக் குறைவுக்கு என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டாள். தவறு பள்ளியின் மேல் என்றால் காரணம் காட்டிக் கமிட்டித் தீர்மானத்தோடு கல்வி ஆபீசுக்கு எழுதலாம், விலக்குக் கிடைக்கும் என்று அமிர்தலிங்கமே சொன்னார். சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது அவருக்குப் புரிந்தது. தூசிக்குப் பயந்து ஒரு பிள்ளை மாதம் நான்கு நாள் வராமல் இருந்தது என்று எழுதினால் எந்த ஆபீசும் நம்பாது. அது கிடக்கட்டும், காரணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் ராசாங்கம்.

செங்கமலம் எழுத ஆரம்பித்தாள். யாரும் சொல்லாததை எழுதினாள், அதிக நேரம் எழுதினாள். பிறகு வழக்கப்படி எழுந்து நின்றாள். கொஞ்சம் மெதுவாக வாசிக்கும்படி அமிர்தலிங்கம் கேட்டுக்கொண்டார். அவள் வகுப்பில் வருகைப் பதிவு கூப்பிடுகிற குரலில் வாசித்தாள்.

"இக்கமிட்டி தேர்ந்தெடுத்த வெளிர் ரோஜா நிறச் சீருடையினால், மாதவிலக்கு நாட்களில் மாணவியர் பள்ளிக்கு வர இயலாமல் போயிற்று. இதை முன்பே அறிந்திருந்தும் தையல் ஆசிரியை செங்கமலம் கமிட்டிக்குத் தெரிவிக்கவில்லை. வருகைக் குறைவுக்கு மாணவியர் காரணமல்ல, பள்ளியே காரணம். இதைக் கமிட்டிக்குத் தெரிவித்தவர், அம்மாக்கண்ணுவின் தந்தை அரியமுத்து."

வாசித்தாயிற்று. களம் பறிபோன காலத்து விதி, பின்வாங்க முடியாது. செங்கமலம் தன் நாற்காலியை அரியமுத்துவின் பக்கம் இழுத்துப் போட்டாள். அவர் தயங்கி, நுனியில் உட்கார்ந்தார். மைப்பெட்டியைத் திறந்து அவர் கட்டைவிரலைப் பிடித்துப் பெயருக்கு நேரே பதித்தாள். அதற்குக் கீழே அப்துல் சுக்கூர் கையெழுத்துப் போட்டார். அமிர்தலிங்கம் போட்டார். ராசாங்கம் பேனாவில் மை இல்லை என்றார். செங்கமலம் தன் பேனாவைக் கொடுத்தாள். தன் வயலில் கூலி வேலை செய்கிறவரின் கைரேகைக்குக் கீழே அவரும் போட்டார்.

மறுநாள் அம்மாக்கண்ணு பழைய கருநீலப் பாவாடையில் வந்தாள், கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் ஏறிப்போயிருந்தது. தையல் அறையில் செங்கமலம் இல்லை. பெண்ணை நிறுத்திவிட்ட எட்டு வீடுகளின் முகவரிகளை எழுதி எடுத்துக்கொண்டு அவள் காலை முதல் பஸ்ஸிலேயே கிளம்பிப் போயிருந்தாள்.