ஏழு மணிச் சேனல்

வீட்டை விற்றுப் பாய்மரப் படகு வாங்கிய நாளிலேயே மெக்கானிக்கின் மனைவி ஒரு நிபந்தனை போட்டுவிட்டாள். சமையல், துவையல், தூக்கம் எல்லாம் பத்தடி அறைக்குள் என்றாலும் முணுமுணுக்க மாட்டாள். கரையோரமாக எங்கே வேண்டுமானாலும் வருவாள். ஆனால் பெரிய கடலைத் தாண்டுவதென்றால் கூடவே இன்னொரு படகு வர வேண்டும். இல்லாவிட்டால் அவள் தம்பி வீட்டுக்குப் போய்விடுவாள், அவர் ஒண்டியாகப் போய்க்கொள்ளலாம். முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவருக்கு அது வெறும் மிரட்டல் இல்லை என்று தெரியும்.

அதனால் அந்த வளைகுடாவில் நங்கூரம் போட்டதுமே அவர் சிநேகம் பிடிக்கக் கிளம்பினார். பக்கத்துப் படகில் பல் டாக்டரும் மனைவியும். சற்றுத் தள்ளி ஒரு பேங்க் மேனேஜர். வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் கடலுக்கு வந்தவர்கள், இன்ஜின் மூடியைத் திறந்தால் தலை எது வால் எது என்று தெரியாதவர்கள். மெக்கானிக்குக் கை சும்மா இருக்காது. மேனேஜரின் கழிப்பறைக் குழாயில் அடைப்பெடுத்தார். டாக்டரின் இன்ஜின் சூடேறி நின்றபோது, தன் படகுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த மாற்றுத் தண்ணீர் பம்பையே எடுத்துப் பொருத்தினார்.

"அண்ணே, நீங்க இல்லாம நாங்க அந்தப் பக்கம் போவோமா?" என்றார் டாக்டர்.

மூன்று படகும் சேர்ந்தே தாண்டுவதென்று முடிவாயிற்று. தினமும் காலை ஏழு மணிக்கு ரேடியோவில் எழுபத்திரண்டாம் சேனலில் பேசிக்கொள்வதென்று ஏற்பாடு. மெக்கானிக் ஏழுக்கு வாயைத் திறந்தால் எட்டுக்குத்தான் மூடுவார் என்பது வேறு விஷயம். மனைவி இரண்டு மாத மளிகை வாங்கிப் பெஞ்சுக்கடியில் அடுக்கினாள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு வாரம் போயிற்று. திடீரென்று ஒருநாள் சேனலில் பேச்சுமூச்சில்லை. மறுநாளும் அப்படியே. வேறு யாராவது என்றால் மனிதர்களைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். இவர் வயரைச் சந்தேகப்பட்டார். டூல் பாக்ஸை எடுத்துக்கொண்டு சின்ன ஓடத்தில் துடுப்புப் போட்டு டாக்டர் படகுக்குப் போனார்.

டாக்டர் திருதிருவென்று விழித்தார். பிறகு, ரேடியோ இரண்டு நாளாக மக்கர் பண்ணுகிறது என்றார். மெக்கானிக்கிடம் சொல்லக் கூடாத பொய் அது. டாக்டர் வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் இவர் நான்கு திருகாணியைக் கழற்றி, வயர்களைப் பார்த்து, சுவிட்சைப் போட்டுவிட்டார். ரேடியோ அறுபத்தொன்பதாம் சேனலில் நின்றிருந்தது. மேனேஜரின் குரல் பளிச்சென்று கேட்டது.

"டாக்டர், அந்த ஆளுக்கு எதுவும் தெரியாதுல்ல? நாளைக்கு விடிஞ்சதும் கிளம்பிடுவோம். அவரு படகு ஆமை. கூட்டிட்டுப் போனா ரெண்டு நாள் வீணாப்போகும். வாய் வேற ஓயாது."

டாக்டரின் மனைவி எரியாத அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். மெக்கானிக் நான்கு திருகாணியையும் ஒவ்வொன்றாக இறுக்கினார்.

"ரேடியோ நல்லாதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி என்பார்கள். இந்த மகராசன்கள் கால் நனையும் முன்பே கணக்குத் தீர்த்துக்கொண்டார்கள். அந்தப் பம்பைக் கழற்ற இரண்டு ஸ்பேனரும் பத்து நிமிஷமும் போதும்; ஸ்பேனர் மடியிலேயே இருந்தது. அவர் திரும்பிப் போகவில்லை. அதைப் பெருந்தன்மை என்று யாரும் எழுதிவைக்க வேண்டாம். ஓடுகிற இன்ஜினைத் தன் கையால் நிறுத்த அவருக்கு மனசு வராது, அவ்வளவுதான்.

ரேடியோ சரியாகிவிட்டதா என்று மனைவி கேட்டாள். ஆயிற்று என்றார். ஒரு ரிப்பேரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர் அன்று சீக்கிரமே படுத்துக்கொண்டார்; அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

விடிந்ததும் பக்கத்தில் இன்ஜின் உறுமியது. அவர் மேலே வந்தபோது மனைவி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். இரண்டு படகும் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு, இந்தப் பக்கம் தலையைத் திருப்பாமலே வெளியேறின. அவை சின்னதாகும்வரை அவள் பார்த்தாள்.

"ஒரே தடவையில ஸ்டார்ட் ஆயிடுச்சு. வேலை நல்லாதான் பாத்திருக்கீங்க."

அவள் உள்ளே போய்த் துணிப்பையோடு வந்தாள். பை இரவே கட்டி வைத்தது போலிருந்தது.

"கரையில கொண்டுபோய் விட்டுருங்க. மளிகையை இறக்க வேண்டாம். ஒரு ஆளுக்கு நாலு மாசம் வரும்."

அவர் குனிந்து துடுப்பை எடுத்தார்.