வெல்டர் படித்துக் காட்டிய புத்தகம்

வெல்டருக்குத் திக்குவாய். லேசாகவெல்லாம் இல்லை, 'ப'வும் 'க'வும் வந்தால் வண்டி அப்படியே நின்றுவிடும். பால் பாக்கெட் வாங்கப் போனால்கூடக் கையைக் காட்டி வாங்கி வருகிற ஆள். காதலைச் சொல்லப் போய் முதல் எழுத்திலேயே அவன் தவித்துக்கொண்டிருக்க, பொறுமையிழந்து "சரி, எனக்கும் சம்மதம்" என்று அவளே சொல்லிக் கட்டிக்கொண்டாள். அவள் பஸ் கண்டக்டர். நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திவிட்டு ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புவாள்.

அதுவரை மகளைப் பார்த்துக்கொள்வது அவன்தான். பட்டறையிலிருந்து மூன்று மணிக்கே வந்து, பகலில் பக்கத்து வீட்டில் விட்டிருக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொள்வான். குளிப்பாட்டுவான், ஊட்டுவான், தோளில் போட்டு நடப்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். தன் வாய் அவளுக்கும் ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்று அவள் பிறந்த அன்றே எடுத்த முடிவு அது. பெரிய தியாகம் செய்வதாக நினைப்பு, பாவம். இரண்டரை வயதாகியும் மகள் வாயில் "ம்மா" தவிர வேறு சொல் கிடையாது.

"காது நல்லாத்தான் கேக்குது," என்றார் பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மா. "சாயங்காலத்துல பிள்ளைகூட யாரு இருக்கா?"

"இவர்தான். ஆனா பேச மாட்டார்," என்ற மனைவி, காரணத்தையும் போட்டு உடைத்தாள்.

"ஒட்டிக்கிறதுக்கு அதென்ன சளியா? சாயங்காலம் முழுக்கப் பேச்சே காதுல விழலைன்னா அவ எங்க போய்க் கத்துக்குவா?" டாக்டரம்மா ஒரு படப் புத்தகத்தை நீட்டினார். "தினமும் படிச்சுக் காட்டுங்க. கடகடன்னு ஓடாதீங்க. நடுவுல நிறுத்தி, அவ ஏதாவது சொல்றாளான்னு காத்திருங்க."

"நிறுத்துறதுக்கு இவருக்குச் சொல்லித் தரவே வேணாம்," என்றாள் மனைவி. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு வீடுவரை வரவில்லை. மூன்று வாரம் தினமும் மகளை மடியில் வைத்துப் படித்தான். ஆட்டுக்கும் மாட்டுக்கும் பிரச்சினையில்லை. பூனை, கரடி, குரங்கு என்று வந்தால் தொலைந்தான். கழுத்து நரம்பு புடைக்கும், கண் மூடிக்கொள்ளும். மகள் படத்தை விட்டுவிட்டு அவன் வாயையே பார்ப்பாள். திக்குவதைத்தான் கற்றுக்கொள்கிறாள், பெற்ற பிள்ளையை நானே கெடுக்கிறேன் என்று நொந்துபோனான்.

அன்று மனைவிக்கு வார விடுமுறை, சமையலறையில் இருந்தாள். அவன் மகளுக்குப் படித்துக்கொண்டிருந்தான். குரங்கு வருகிற பக்கத்தை முன்பக்கத்தோடு சேர்த்து நைசாகப் புரட்டினான். மகள் விடுவாளா? பக்கத்தைப் பிரித்துக் குரங்கின் மேல் விரலை வைத்தாள். வேறு வழியில்லை.

"கு…" என்றான். "கு… கு…" கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"குங்கு."

கண்ணைத் திறந்தான். மகள் படத்தைத் தட்டி இன்னொரு தரம் சொன்னாள், திக்காமல், திணறாமல். இத்தனை நாளும் அவள் தன் முறைக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

"யாருங்க அது பேசுறது?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

பதில் சொல்ல வாயெடுத்தான். "பா…" அங்கேயே நின்றது. "பா…"

"பாப்பா," என்று மகள் முடித்துவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.