ஒரு தடவைதான் வர முடியும்

தெருவில் அவருக்குக் கிலோமீட்டர் என்று பெயர். வரி அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த நாற்காலி போன பிறகு, மகன் இருக்கும் தூரமே அவருக்குப் பதவி. “பதினாலாயிரம் கிலோமீட்டர் சார். நடுவுல ஒரு ஏர்போர்ட்ல காத்துக் கிடக்கிறதையும் சேர்த்தா இருபத்திரண்டு மணி நேரம்!” பால் போட வந்தவரைக்கூட விடமாட்டார். நாலு மணி நேரத்தில் பறந்து வந்துவிடும் எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால், “அதெல்லாம் ஒரு வெளிநாடா? டவுன் பஸ் போற தூரம்” என்று உதட்டைப் பிதுக்குவார்.

இப்போது அவர் மனைவி ஆஸ்பத்திரியில். இனி நாள்கணக்குதான், வரவேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டார். அவள் தூங்குகிறாள் என்று நினைத்துக் கட்டிலருகே நின்றே மகனை அழைத்தார். காது மந்தம், அதனால் ஸ்பீக்கர்தான். கேட்டால் போன் சரியில்லை என்பார்.

“அப்பா, லீவு ஒரு தடவைதான் தருவாங்க. இப்ப வந்து அம்மாவைப் பார்த்துட்டுத் திரும்பிட்டேன்னா, அப்புறம்... வர முடியாது. இப்ப வரவா, அப்புறமா வரவா? நீங்களே சொல்லுங்க.”

எந்தக் கோப்பிலும் முடிவெடுக்காமல், மேலே மேலே தள்ளியே பெரிய மனிதரானவர் அவர். “யோசிச்சுச் சொல்றேன்” என்று வைத்தார். இதை மேலே தள்ள ஆளில்லை.

“அப்புறமே வரச் சொல்லுங்க” என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

“நீ தூங்கலையா?”

“நீங்க போன் பேசினா இந்த மாடியே தூங்காது.”

“அவனைப் பார்க்கணும்னுதானே தினம் அனத்தறே?”

“பார்க்கணும்தான்.” மூச்சு வாங்கியது. “இப்ப எனக்கு நீங்க இருக்கீங்க. அப்ப உங்களுக்கு யாரு இருக்கா? அடுப்பு பத்த வைக்கத் தெரியுமா உங்களுக்கு?”

“எனக்கென்னடி, நாப்பது பேரைக் கட்டி மேய்ச்சவன்...” அவள் போர்வையை இழுத்துவிட்டார். “அவன் வந்து சேர ஒரு நாள் முழுசா ஆகுமே.”

“ஆகட்டும். காத்துக்கிட்டு இருக்கேன். நான் போனதுக்கப்புறம் எனக்கென்ன அவசரம்?” சிரிக்கப் பார்த்து இருமினாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சொன்னான்?”

“சரின்னான்.”

“உடனேயா?”

அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் மகன் “சரிப்பா” என்றிருந்தான். கூடவே ஒரு பெருமூச்சு. பாரம் இறங்கிய பெருமூச்சு. அவருடைய மந்தக் காதுக்கும் அது தெளிவாகக் கேட்டது.

“உடனே எங்க? ஒரே அழுகை. இப்பவே ஓடி வர்றேன்னு பிடிவாதம். நான்தான் அதட்டி வெச்சேன்.”

“புள்ளையை எதுக்கு அதட்டினீங்க?” அவள் முகத்தில் இத்தனை நாள் இல்லாத வெளிச்சம். “உங்களுக்கு எப்பவும் இதே வேலை!”

அவள் திட்டத் திட்ட, தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டு நின்றார்.