முதல் படிச் சாமி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவிப் போட்டுக்கொண்டே, அவர் நூலக வாசகர் கூட்டத்துக்கான தன் பேச்சை மூன்றாவது தடவையாக ஒத்திகை பார்த்தார். கேட்டுக்கொண்டிருந்த மனைவி ஏற்கெனவே மடித்த துண்டை மறுபடியும் மடித்தாள்.

"ஏழு கரையில மொத்தம் எத்தனை சாமின்னு கேட்டா, பெருசா எடுத்தா நாலு. ஆனா நான் பேசப்போறது அஞ்சாவது ஒண்ணைப் பத்தி. இப்படி ஆரம்பிச்சா நல்லா இருக்குமில்ல?"

"நல்லா இருக்கும்" என்றாள். வேறு என்ன சொல்வாள்? அந்த ஐந்தாவது சாமியை உண்டாக்கியவளே அவள்தான். அது அவருக்குத் தெரியாது.

முப்பத்தொரு வருஷம் கடைசல் பட்டறையில் டர்னராக இருந்தவர் அவர். இரும்பை மயிரிழை சுத்தமாகச் சீவுவார். கண்ணில் அழுத்தம் என்று டாக்டர் சொன்னது ஒரு மழைக்காலத்தில். அடுத்த மழைக்காலத்துக்குள் இரண்டு கண்ணும் இருட்டிவிட்டன. அதற்குப் பிறகு தெருமுனை தாண்டவில்லை. பார்க்க வந்த சிநேகிதர்களிடம் தூங்குவதாகச் சொல்லச் சொன்னார். பேச்சே குறைந்துபோன அந்த வீட்டில் ஒருநாள் அவள்தான், மகள் கல்யாணமாகிப் போகும்போது அலமாரியில் விட்டுவிட்டுப்போன தடித்தடிப் புத்தகங்களில் முதலாவதை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். மகளே இரண்டாம் பாகத்தோடு அலுத்துப்போய் நிறுத்திய கதை. ஏழு கரைகள், கரைக்கொரு மதம், அடிதடி, அரியணை, கடல் பிரயாணம். நாற்பது பக்கம் தாண்டும் முன் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

சண்டையும் காதலும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. சாமிகள்தான் வேண்டும். வேலை பார்த்த காலத்தில் ஃபோர்மேன்களை எடைபோட்ட மாதிரியே அந்தப் புத்தகத்துச் சாமிகளையும் எடைபோட்டார். உப்புக் கரைக்காரர்களின் சாமிக்கு உருவமும் கிடையாது, கோயிலும் கிடையாது. பொய் சொன்னவன் நாக்கில் பூசாரி ஒரு கல் உப்பை வைப்பார், அதோடு சரி. "தண்டனையும் கையோட, மன்னிப்பும் கையோட. நல்ல நிர்வாகம்" என்பார். காட்டுக் கரையில் இரட்டைச் சாமிகள், ஒன்றோடொன்று பேசாது, பூசாரிகள்தான் இதற்கும் அதற்கும் தூது போவார்கள். "பகல் ஷிப்டுக்கும் ராத்திரி ஷிப்டுக்கும் எந்தப் பட்டறையில ஒத்துப்போச்சு?" வாள் சாமி என்று ஒன்று, எந்நேரமும் யுத்தம் கேட்கும். அதை ஓவர்டைம் வாங்கியே ஆளைத் தீர்க்கிற முதலாளி என்று ஒதுக்கிவிட்டார். கோபுரச் சாமி தொள்ளாயிரம் படிக்கு மேலே உட்கார்ந்திருக்கும். ஏறி வந்தவனுக்கு மட்டும்தான் தரிசனம். "முட்டிவலிக்காரனுக்கு என்ன வழி?" என்று அவர் கேட்டு, அவள் சிரித்து, அந்த வீட்டில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

மூன்றாம் பாகம், ஒன்பதாவது அத்தியாயத்தில்தான் வினை வந்தது. கண் தெரியாத ஒருவன் கோபுர வாசலுக்கு வருகிறான். அவள் கண் வாயைவிட இரண்டு வரி முன்னால் ஓடியது. ஓடிப்போய் அங்கே இருந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றது. படிப்பும் நின்றது.

"என்ன, நூல் அறுந்துடுச்சா?" என்றார் அவர்.

ரெடிமேடாக வாங்கின உடுப்புகளைப் பிரித்து, ஆளுக்குத் தக்கபடி பிடித்தோ விட்டோ தைத்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். பொருந்தாத ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவள் கைக்குத் தெரியாது. புத்தகத்தைப் பார்த்தபடியே வாய்க்கு வந்ததைச் சொன்னாள். கோபுரத்தின் முதல் படியில் இன்னொரு சாமி உட்கார்ந்திருக்கிறது. மேலே ஏறுகிறவர்களின் மூட்டை முடிச்சுகளைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஏற முடியாதவர்கள் அதன் பக்கத்தில் உட்காரலாம். மேலே இருக்கிற சாமி வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும்; கீழே இருப்பது வருகிறவர்களைக் கேள்வி கேட்கும். ஊரில் என்ன விசேஷம், உன் பட்டறையில் எத்தனை பேர், ராத்திரி தூங்கினாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கண் தெரியாதவன் சாயங்காலம்வரை அதனோடு பேசிவிட்டு வீட்டுக்குப் போனான்.

அவர் கேட்டு முடித்து நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அப்புறம், "எழுதினவன் மனுஷன்யா" என்றார். மறுநாள் காலையில், பழைய சிநேகிதர் ஒருவர் வந்தபோது உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

ஒரு பொய்யோடு போயிருந்தால் தேவலை. "நம்ம ஆளு எங்க, காணோமே?" என்று நாலு அத்தியாயத்துக்கு ஒருமுறை அவர் விசாரிப்பார். அவளும் புத்தகத்தில் எங்காவது இடம் பார்த்து அந்தச் சாமியை ஒட்டுப்போட வேண்டியிருந்தது. முன்னுக்குப்பின் முரணாகிவிடக்கூடாதே என்று அளவு நோட்டில் குறித்துவைத்துக்கொண்டாள். 'இடுப்பு முப்பத்தாறு, உயரம் நாற்பது' என்று யாருடைய கால்சட்டையோ இருக்கும். அதற்குக் கீழே, 'சாமிக்கு இடது கால் இழுக்கும், மூட்டை எண்ணிக்கை அடிக்கடி மறந்துபோகும்.' ஐந்தாம் பாகத்தில் கோபுரத்தையே எரித்துவிட்டார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று இரண்டு நாள் கடத்தி, யோசித்து யோசித்து, அந்தச் சாமி மூட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு படகுத்துறைக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். அவருக்கு நிம்மதி. அவளுக்கும்தான்.

போன வாரம், மூன்றாம் பாகத்திலிருந்து புத்தகங்களை இரவல் தந்துவந்த நூலகத்து அம்மா, ஏழாவது பாகம் வந்துவிட்டது என்று சொல்ல ஃபோன் செய்தபோது எடுத்தது அவர். அரை மணி நேரம் பேசினார். ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூட்டம், எந்தக் கரையின் மதம் சிறந்தது என்று பேச்சு, நீங்களும் வாங்களேன் என்று அந்த அம்மா கூப்பிட, இவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். கண் போனபிறகு அவராக வெளியே கிளம்புவது இதுதான் முதல் தடவை. வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

பஸ்ஸில் போகும்போது சொல்லிவிடத்தான் நினைத்தாள்.

"என்னங்க, ஒரு விஷயம்."

"எதுவானாலும் திரும்பி வரும்போது சொல்லு. இப்ப பேசினா எல்லாம் மறந்துடும்" என்றார். தலையை இரண்டாவது முறையாக வாரிக்கொண்டார். அவள் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

நூலகத்துக் கூடத்தில் பன்னிரண்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். கையில் குறிப்பு நோட்டோடு ஒரு பெண், கல்லூரியில் படிக்கிறவளாக இருக்கும், வாள் சாமிக்காகப் பக்க எண்ணோடு வாதாடினாள். அடுத்தது இவர் முறை. எழுந்து நின்று உப்புக்காரர்களை, இரட்டைச் சாமிகளை, ஒவ்வொன்றாக எடுத்து ஃபோர்மேன் கணக்கில் அலசியதும் கூடமே சிரித்தது. நோட்டுக்காரப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள் மனைவி. பட்டறை ஆண்டுவிழாவில் பரிசு வாங்கிய அன்றைக்கு அந்த முகம் அப்படி இருந்தது. இதோடு உட்கார்ந்துவிடக்கூடாதா என்று தவித்தாள்.

"ஆனா என் ஓட்டு முதல் படிச் சாமிக்கு" என்றார் அவர். மூட்டைகள், கேள்விகள், இழுக்கிற இடது கால், எல்லாவற்றையும் சொன்னார். "மேல இருக்கறதுகிட்ட வேண்டியதைக் கேட்டு வாங்கிட்டு வந்துடலாம். நம்மளக் கேக்க ஒரு ஆள் வேணுமில்லியா? அது இந்த ஒரு மதத்துலதான் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. புத்தகங்களைப் புரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அங்கிள், இது எந்தப் பாகம்?" என்றாள் நோட்டுக்காரப் பெண்.

"மூணு. ஒன்பதாவது அத்தியாயம்."

"நான் நாலு தடவை படிச்சிருக்கேன் அங்கிள். அங்க அப்படி யாரும்..." அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையாகவே குழம்பிப்போயிருந்தாள்.

"நல்லாத் தேடும்மா. கண்ணு இருக்கறவங்கதான் தேடணும்" என்று சிரித்தார். பக்கங்கள் புரண்டுகொண்டே இருந்தன. அவருடைய சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது, பிறகு போய்விட்டது. விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருகின. "அப்ப எனக்குத்தான் ஞாபகம் பிசகுதோ" என்று யாரிடமோ போலச் சொன்னார். "வயசாயிடுச்சில்ல."

அதை மனைவியால் தாங்க முடியவில்லை. கண் போனபிறகு அவர் நம்பிக்கொண்டிருந்தது அந்த ஞாபகத்தை ஒன்றைத்தான்.

"உங்க ஞாபகம் சரிதாங்க" என்று எழுந்துவிட்டாள். "புத்தகத்துலதான் இல்ல. நான் சேர்த்துச் சொன்னேன்."

அவர், குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"அப்ப புத்தகத்துல என்ன இருக்கு?"

"வீட்டுக்குப் போய்..."

"இங்கயே படி."

நோட்டுக்காரப் பெண் பக்கத்தைத் திருப்பி நீட்டினாள். இத்தனை நாளாகத் தப்பித்து வந்த வரியை, அத்தனை பேர் முன்னால், அவள் படித்தாள். "பூசாரி சொன்னான்: யாருடைய விளக்கைக் கடவுளே அணைத்தாரோ, அவர்களை அவர் பார்க்க விரும்பவில்லை. குருடனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துங்கள்." படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டாள்.

அவர் தலையை ஆட்டினார். அந்தப் பெண்தான் மெதுவாக, "ஆன்ட்டி, கோபுரம் எரிஞ்சதுக்கப்புறம் அந்தச் சாமி என்ன ஆச்சு?" என்று கேட்டாள். பேனா கையில் தயாராக இருந்தது.

"படகுத்துறைக்குப் போயிடுச்சு" என்று அவரே பதில் சொன்னார். பிறகு, "கிளம்பலாம்" என்றார்.

ஏழாம் பாகத்தை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு அவரைக் கூட்டி வந்தாள். பஸ் நிறுத்தத்தில் அவள் அவர் தோளைத் தொட்டபோது தள்ளி நின்றார்.

"மூணு வருஷமா நான் எந்தப் புத்தகத்தைக் கேட்டேன்?"

"பாதிக்கு மேல அதுதாங்க. சில இடத்துல நான்."

"எது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கண்ணுதான் போச்சு. காதாவது என்னுதுன்னு நெனச்சேன். அதையும் நீ எடுத்துக்கிட்டியே."

அன்பால் செய்தேன் என்று அவள் சொல்லலாம். சொன்னால் அது இன்னொரு ஒட்டு. அழுகை வந்தது. சத்தம் வராமல் அழுதாள். அவருக்குத் தெரியாமல் இருக்குமா என்ன? பஸ் வந்து ஏறியபிறகு, ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"நாக்குல உப்பு வைக்கிறது?"

"புத்தகம்."

"இரட்டைச் சாமி ரெண்டும் கடைசியில ஒரே குடையில நின்னது?"

"அது... நான்."

"த்சூ. அது நல்லா இருந்துச்சு" என்றார், கோபம் குறையாமலே. இறங்குகிற இடம் வந்தபோது, "இனிமே எழுதினதை எழுதினபடி படி. நீயா ஏதாவது சொல்றதுன்னா என் கையைத் தொட்டுட்டுச் சொல்லு. எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார்.

"இனிமே சொல்லவே மாட்டேங்க."

இறங்கும்போது அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம், தையலை ஓரமாக வைத்துவிட்டு ஏழாம் பாகத்தைப் பிரித்தாள். காற்புள்ளி விடாமல், எழுத்துக்கு எழுத்து, கோர்ட்டில் வாக்குமூலம் படிக்கிற மாதிரி படித்தாள். வாள் சாமியின் படை ஒரு கரையைப் பிடித்தது, அடுத்த கரையைப் பிடித்தது. பூசாரிகள் ஓடினார்கள். இருபது பக்கம் போயிற்று. அவர் குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை, எந்தச் சாமியையும் கிண்டல் செய்யவில்லை. தூங்கிவிட்டாரோ என்று இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தாள். விழித்துத்தான் இருந்தார்.

இருபத்து நாலாம் பக்கத்தில் ஊரே தப்பித்துப் போவதற்காகப் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தது. மழை. தள்ளுமுள்ளு. மூட்டைகளை எறிந்துவிட்டு ஆட்கள் மட்டும் ஏறுங்கள் என்று படகோட்டி கத்தினான். எல்லாரும் ஏறினார்கள். கரையில் மூட்டைகள் நனைந்துகொண்டு கிடந்தன என்று எழுதியிருந்தது. அடுத்த பத்தி அரண்மனைக்குப் போய்விட்டது.

அவள் மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினாள். மேசை மேல் ஏதோ அசைந்தது. முப்பத்தொரு வருஷத்து இரும்புத் துகள் தெறித்த பொடித் தழும்புகளோடு, அவருடைய வலது கை மெல்ல நகர்ந்து வந்து, புத்தகத்தின் பக்கத்தில், உள்ளங்கை மேலே தெரியும்படி திறந்து கிடந்தது. அவர் முகம் வேறெங்கோ திரும்பியிருந்தது. அவள் அரண்மனை என்ற சொல்லின் மேல் விரலை வைத்தபடி, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.