பதில் வணக்கம்

மோந்தெகாலோ ஊரில் பெரிய குடும்பங்களின் அரண்மனைகள் எல்லாம் ஒரே தெருவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். ஒன்றில் வங்கி, ஒன்றில் பல் டாக்டர், மற்றதிலெல்லாம் புறா. சொந்தக்காரர்கள் இன்னும் குடியிருப்பது வால்தொரோ அரண்மனையில் மட்டும்தான். குடும்பம் என்ன குடும்பம், எர்சிலியா ஒருத்திதான் மிச்சம். அண்ணன் ஃபுல்வியோவை முந்தாநாள்தான் அடக்கம் செய்தார்கள்.

எர்சிலியா அழவில்லை. ஊரே பார்த்தது, ஊரே பேசியது. பேசிவிட்டுப் போகட்டும். ஏன் அழுகை வரவில்லை என்று அவளுக்கே தெரியாதபோது ஊருக்கு என்ன தெரியும்? கல்லறையை மூடும்போது செருப்பு கடித்தது, அவ்வளவுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து கத்திரிக்காய் நறுக்கினாள், இரண்டு பேருக்கு.

இன்று புனித தொனாத்தோ திருவிழா. சப்பரம் வால்தொரோ அரண்மனை வாசலில் நிற்கும். தூக்குகிறவர்கள் முழங்காலை மடக்கிப் புனிதரின் மரச்சிலையைத் தாழ்த்துவார்கள். வீட்டின் மூத்தவர் பால்கனி நடுவில் நின்று பதிலுக்குத் தலைவணங்கினால்தான் சப்பரம் நிமிரும். வணங்க ஆளில்லை என்றால் அந்த வம்சம் தீர்ந்தது என்று அர்த்தம். அடுத்த வருஷத்திலிருந்து நிற்காமலே போய்விடுவார்கள். பல் டாக்டர் வாசலில் நிற்கிறார்களா என்ன?

போகாவிட்டால் வீட்டின் பேர் போச்சு. போனாலோ, அண்ணன் இல்லை என்று தெருவே பார்க்க ஒப்புக்கொண்ட மாதிரி. எர்சிலியா சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்தாள்.

பேண்டு சத்தம் வாசலில் வந்து நின்றது. எதிர்வீட்டு ஃபிலோமேனா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"என்னம்மா நீங்க! புனிதர் கீழ வந்து காத்துக்கிட்டிருக்காரு!"

"காத்திருக்கட்டும்."

"அவருக்கென்ன, மரம்! தூக்குறவன் மனுசனாச்சே!"

வெளியே சப்பரத்தை முன்வரிசையில் தூக்கும் நுன்சியோ கத்தினான். "எர்சிலியாம்மா! தோள்பட்டை கழண்டுடுச்சு! வர்றீங்களா, இல்ல எங்களையும் அவரு பக்கத்துலயே செலையா வச்சுருவீங்களா?"

தெரு சிரித்தது. எர்சிலியா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மாடிக்கு ஏறிப் பால்கனிக் கதவைத் திறந்து, வெளியே போய்த் தலைவணங்கினாள்.

சப்பரம் நிமிரவில்லை.

மறுபடி வணங்கினாள். ஊஹூம். இன்னும் என்னதான் வேண்டுமாம் இவர்களுக்கு? நுன்சியோ அண்ணாந்து பார்த்தான். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. இப்போது அவன் கேலி பண்ணவில்லை.

"அம்மா, ஓரமா நிக்கிறீங்க. நடுவுல வாங்க."

எர்சிலியா பக்கத்தில் பார்த்தாள். ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது. அப்பா போன நாளிலிருந்து ஒவ்வொரு திருவிழாவுக்கும் அண்ணனுக்கு இடப்பக்கம், இந்த மூலையில்தான் அவள் நிற்பாள். இன்றைக்கும் கால் தானாக வந்து இங்கேயே நின்றுவிட்டது.

மெல்ல நகர்ந்து நடுவில் வந்து நின்றாள். கம்பியைப் பிடித்தாள்.

"போயிட்டியேண்ணா," என்றாள், வாய்விட்டு.

குனிந்தாள். சப்பரம் நிமிர்ந்தது, பேண்டு தொடங்கியது, ஊர்வலம் தெருமுனை திரும்பியும் போய்விட்டது. எர்சிலியா குனிந்தபடியே விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள்.