ஐம்பத்துமூன்று வாற்று மாப்பிள்ளை

பிரசாந்தினியின் வலக்கைக்கும் இடக்கைக்கும் இடையில் இருநூற்று முப்பது வோல்ற்று இருந்தது. சம்பூரில் மீளக் குடியேறிய சனத்துக்குக் கரண்ட் கொடுத்த கிழமை, அவளுடைய தகப்பன் இராசதுரையின் வீட்டுக்கு மூன்று வீடு முன்னாலேயே கம்பி முடிந்துபோக, மிச்சக் கரண்ட் நேரே மகளுக்கு வந்து சேர்ந்தது. கிளிவெட்டி முகாமில் வருசக்கணக்காக லாம்பு வெளிச்சத்தில் கிடந்தவர்கள் இதற்கெல்லாம் வாய் பிளக்கவில்லை. இராசதுரை அவளைக் கதிரையில் இருத்தி, கைக்கொரு வயரைக் கொடுத்துத் தண்ணி மோட்டரை ஓட்டினார். அவள் மடியில் பௌதிகவியல் புத்தகத்தை விரித்துக்கொண்டு கச்சான் செடிகளுக்கு நீர் பாய்ச்சினாள். உயர்தரச் சோதினையில் அந்தப் பாடத்துக்கு ஏ எடுத்ததும் அப்படித்தான். இரண்டு கையையும் கூப்பினால் பொறி பறந்தபடியால், ஒற்றைக் கையால் கும்பிடக் கோயில் ஐயர் அவளுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்திருந்தார்.

கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் சிக்கல். ஒரு கையை மட்டும் தொட்டால் யாருக்கும் ஒன்றுமில்லை. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பிடித்தவனுக்குள்ளால் கரண்ட் ஓடும். எவ்வளவு ஓடும் என்பது அவனுடைய உடம்பின் தடையைப் பொறுத்தது. தரகர் பாக்கியரத்தினம் இதைக் கேட்டு அசரவில்லை. "பத்துப் பொருத்தம் பாக்கிறம், பதினோராவதா இதையும் பாத்தாப் போச்சு. செவ்வாய் தோசத்துக்கே ஆள் பிடிச்சனான், தங்கச்சி," என்றார்.

அளப்பதற்கு மூதூரிலிருந்து வயர்மேன் ரஜீவன் வந்தான். மாப்பிள்ளையின் இரண்டு கையிலும் ஒன்பது வோல்ற்று பற்றரியின் நுனிகளைக் கொடுத்து, எத்தனை அம்பியர் ஓடுகிறதென்று மீற்றரைப் பார்த்துச் சொல்லுவான். அறைக்குள் இருந்து பிரசாந்தினி வோல்ற்றை அம்பியரால் வகுப்பாள், வருவது தடை. பிறகு தன்னுடைய இருநூற்று முப்பதை அந்தத் தடையால் வகுத்து, ஆள் தப்புவானா மாட்டானா என்று கதவுக்குப் பின்னால் நின்றே அறிவிப்பாள். வந்தவர்களுக்கு முதலில் சீதன வீட்டைச் சுற்றிக் காட்டுவது வழக்கம். வீட்டைக் கண்டதும் ஆசையில் கை வேர்த்து, தடை இறங்கி, கன பேர் அங்கேயே தோற்றார்கள்.

கடைசியில் பட்டணத்திலிருந்து சஞ்சீவன் என்ற கட்டிடக் கொந்தராத்துக்காரர் வந்தார். சீமெந்து மாதிரிக் காய்ந்த கை. தடை இரண்டு லட்சம் ஓம். அவளைப் பிடித்தால் ஓடப்போவது அம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நுளம்பு கடித்த மாதிரி. வீடு சந்தோசத்தில் குதித்தது. தரகர் இரண்டாம் தரம் பாயாசம் கேட்டார். பிரசாந்தினி மட்டும் கணக்கை நிறுத்தாமல் வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கினாள். வந்த வலு கால் வாற்று.

"அம்மா, சாமிப்படத்துக்குப் போடுற சிவப்பு பல்ப்பு இதைவிட எரியும்," என்றாள்.

"கல்யாணம் என்ன லைற் போடுறதுக்கோடி?" என்றாள் தாய் குணேஸ்வரி.

மகள் கதவைத் திறந்து வெளியே வந்தாள். அளக்கிற நேரத்தில் பெண் வெளியே வந்தது அதுதான் முதல் தரம். ரஜீவனுக்கு முன்னால் போய் நின்று, "இப்ப நீங்கள் பிடியுங்கோ பற்றரியை," என்றாள். அவன் மாட்டேன் என்றான், தரகர் விடவில்லை. மீற்றர் ஒரே பாய்ச்சலில் அம்பியரில் ஆயிரத்தில் ஒன்பது பங்குக்கு ஏறியது. கை அவ்வளவு வேர்வை. தடை ஆயிரம் ஓம்தான். இருநூற்று முப்பதை ஆயிரத்தால் வகுத்தாள்: கால் அம்பியருக்குச் சற்றுக் குறைய. அதில் பாதியே ஆளை முடிக்கும்.

"செத்துப்போவீங்கள்," என்றாள்.

"ஓம். அதுதானே இவ்வளவு நாளும் மற்ற ஆக்களையே அளந்தனான்."

சஞ்சீவன் பகுதி கோபித்துக்கொண்டு போனது. தடையைக் கூட்டவென்று குணேஸ்வரி ரஜீவனின் உள்ளங்கைக்குப் பவுடர் போட்டாள், சாம்பல் பூசினாள், அரிசிமாவும் தேய்த்தாள். பிரசாந்தினி எட்டிப் பார்த்தவுடன் அது கொழுக்கட்டைப் பதத்துக்கு வந்தது. அந்த வருசம் முழுக்க ரஜீவன் வந்து அவளுடைய ஒரு கையை மட்டும் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் போனான். ஒற்றைக் கையால் குடும்பம் நடத்த ஏலாது என்று இராசதுரை இருமி இருமிச் சொன்னார்.

வருசம் முடிய, அம்மன் கோயிலில் ரஜீவன் அவளுக்குத் தாலி கட்டினான். கட்டி முடித்துவிட்டு, "மற்றக் கையையும் தாங்கோ," என்றான். அவள் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"என்ர கணக்குப் பிழைக்காது, ரஜீவன்."

"பிழைக்க வேண்டாம். தாங்கோ."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தாள். கணக்குப் பிழைக்கவில்லை. சொன்ன அம்பியர் சொன்னபடியே ஓடியது. பெருக்கினால் ஐம்பத்துமூன்று வாற்று. ரஜீவன் சாகவில்லை, எரிந்தான். நெற்றியிலிருந்து பாதம் வரை இளமஞ்சளாக, நின்று நிதானமாக எரிந்தான். ஐயர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மிச்ச மந்திரத்தை அந்த வெளிச்சத்திலேயே வாசித்தார்.

இப்போது கரண்ட் நின்றால் அந்த ஒழுங்கையில் இருக்கிற பிள்ளைகள் புத்தகத்தோடு இராசதுரை வீட்டு முற்றத்துக்கு வந்துவிடுகிறார்கள். புருசனும் பெண்சாதியும் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் இருக்கிறார்கள். சண்டை பிடித்தால் ரஜீவனுக்குக் கை காய்ந்து வெளிச்சம் மங்கிவிடும். அதனால் சோதினைக் காலத்தில் அயலட்டைச் சனம் முறை வைத்து வந்து இரண்டு பேரையும் சமாதானப்படுத்திவிட்டுப் போகிறது.