தம்பி எடையில் ஒரு மூட்டை

அந்தத் தொழிற்சாலையில் செய்தித்தாளை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வரைந்து கொடுத்த ராணுவ ஹெலிகாப்டரை லைசென்ஸ் வாங்கி, வருஷக்கணக்காக அங்கே செய்துகொண்டிருக்கிறார்கள். உடம்பு ஒன்றுதான், வேஷம்தான் பல. எந்த வேஷத்துக்கு ஆர்டர் வருகிறது என்பதிலேயே நாட்டு நடப்பு தெரிந்துவிடும். மெத்தை இருக்கை போட்ட மந்திரி வேஷத்துக்கு ஆர்டர் வந்தால் தேர்தல் வருகிறது என்று அர்த்தம். மிதவை வைத்த கடற்படை வேஷம் கேட்டால் கடலில் யாரோ யாரையோ முறைக்கிறார்கள். பெயின்ட் அடிப்பவர் ஒருவர், ஆட்சி மாறப்போவதை ஆட்சியில் இருந்தவர்களுக்கு முன்பே தான் கண்டுபிடித்ததாகப் பீற்றிக்கொள்வார். அதில் பாதி புளுகு.

எல்லா வேஷத்துக்கும் உள்ளே இருக்கை தைத்து, பெல்ட் பூட்டுகிறவளை, அவளைவிட மூத்தவர்கள்கூடத் தையல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மந்திரிக்குத் தோல், சிப்பாய்க்குக் கித்தான். முதல்முறை பறக்கவிட்டுப் பார்க்கும்போது ஆட்களுக்குப் பதிலாக ஆள் எடைக்கு மணல் மூட்டைகளை உட்காரவைத்து பெல்ட் போடுவதும் அவள் வேலைதான். மூட்டைகளுக்குச் சாக்பீஸில் சொந்தக்காரர்களின் பெயரை எழுதுவது அங்கே பழகிப்போன விளையாட்டு. "என் மச்சானைக் கதவோரமா உக்கார வைங்கக்கா, காத்து வாங்கட்டும்" என்று வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அடிபட்டவர்களை ஏற்றும் ஆம்புலன்ஸ் வேஷத்தில் மட்டும், ஸ்ட்ரெச்சரில் படுக்கிற மூட்டைக்கு யாரும் பெயர் எழுதுவதில்லை. எழுதக்கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை.

அவளுடைய தம்பி ராணுவத்தில் இருந்தான். மலைமேல் ஒரு காவல் நிலைக்குப் போனவனிடமிருந்து கொஞ்ச நாளாகப் போனே இல்லை. சிப்பாய்களை ஏற்றும் ஹெலிகாப்டர் ஒன்று தயாரானபோது, ஜன்னலோரம் ஒரு மூட்டையை உட்காரவைத்துத் 'தம்பி' என்று எழுதினாள். லீவில் வருகிற மாதிரி இருக்கட்டும் என்று ஓர் ஆசை, அவ்வளவுதான்.

வார விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் அந்த ஹெலிகாப்டரில் இருக்கையே இல்லை. மேலிடத்திலிருந்து அவசரமாக ஆர்டரை மாற்றியிருந்தார்கள். பிடுங்கிய இருக்கைகள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. உள்ளே ஸ்ட்ரெச்சர்கள். அதில் ஒன்றில், மார்புக்குக் குறுக்கே பெல்ட் போட்டபடி, தம்பி மல்லாந்து படுத்திருந்தான். மூட்டையை மாற்றிப்போட்டவர்கள் எடையைப் பார்த்தார்களே தவிர எழுத்தைப் பார்க்கவில்லை.

ஸ்ட்ரெச்சரில் அந்தப் பெயர் இருப்பதே அபசகுனம். புறங்கையால் தேய்த்துப் பார்த்தாள். கித்தானில் ஏறிய சாக்பீஸ் லேசில் போகவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இத்தனை அவசரமாக ஆம்புலன்ஸ் எதற்கு? மலைமேல் என்ன நடக்கிறது? பெயின்ட்காரர் சிவப்புச் சிலுவையை அடித்துக்கொண்டிருந்தார். எப்போதும் வாய் ஓயாத மனிதர், அன்றைக்கு அவள் முகத்தையே பார்க்கவில்லை.

ஹெலிகாப்டர் பூட்டும் கொட்டகையின் மேலாளருக்கு லைசென்ஸ் சார் என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் "லைசென்ஸ்ல இல்லையேம்மா" என்பார்.

"அந்த மூட்டையை மட்டும் மாத்திடுறேன் சார்."

"எடை போட்டு முடிச்சாச்சும்மா. இனிமே கை வைக்க முடியாது."

"அப்ப நானும் கூடப் போறேன்."

பொருத்தியவர்களில் ஒருவர் முதல் பறப்பில் கூடப் போவது அங்கே வழக்கம். தையல்காரி போவாள் என்று யாரும் நினைத்ததில்லை. லைசென்ஸ் சார், பைலட்டோடு பேசுகிற காதுக்கருவியை எடுத்து நீட்டினார்.

மேலே ஏறியதும் சத்தமே ஒரு மௌனமாகிவிட்டது. கீழே தொழிற்சாலைக் கூரைகள் துணித்துண்டுகளாகச் சிறுத்தன. மேகம் ஜன்னலைத் தடவிக்கொண்டு போனது. வெயில் தரையில் மெல்ல நகர்ந்து வந்து ஸ்ட்ரெச்சர்மேல் ஏறிப் படுத்தது. மூட்டைக்குள் மணல் சரிந்து, சரிந்து அடங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது மூச்சு விடுவதுபோலவே பட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, தெரியாது. தம்பி சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு மத்தியானமா, இனிமேல் வரப்போகிற மத்தியானமா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் மிதந்தாள்.

"ஏண்டா, ஒரு போன் பண்ணா உன் விரல் தேஞ்சிடுமா?" என்று வாய்விட்டே திட்டிவிட்டாள். முன்னால் இருந்த பைலட்டின் காதில் அது விழுந்திருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல மனுஷன்.

பெல்ட்டில் ஒரு தையலை அவிழ்த்துவிட்டால் போதும் என்று தோன்றியது. குறை என்று சொல்லி வண்டியை நிறுத்திவிடுவார்கள். இது மலைக்குப் போகாது. இது போகாவிட்டால் இதில் படுக்கவும் ஆள் இருக்கமாட்டான். பைத்தியக்கார யோசனை என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் விரல் தையலைத் தேடிப் போய்விட்டது.

பெல்ட்டோடு நகர்ந்த கை, மூட்டைக்கு அடியில் பட்டது. திடுக்கிட்டாள். ஸ்ட்ரெச்சரைத் தாங்கும் இரும்புக் கொக்கி வழியாக அதிர்வு அப்படியே படுக்கையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பல்லே கிடுகிடுத்தது. எலும்பு முறிந்த ஒருவன் இதில் படுத்து அவ்வளவு தூரம் வந்தால் என்ன ஆவான்? விரல் தையலை விட்டுவிட்டது.

இறங்கியதும் நேரே லைசென்ஸ் சாரிடம் போனாள்.

"சார், கொக்கிக்குக் கீழ ரப்பர் வைக்கணும். உடம்பு உதறி எடுக்குது."

"ஒரு திருகாணியை மாத்தணும்னாலும் அந்தக் கம்பெனியைக் கேக்கணும்மா. அவங்க பதில் வர்றதுக்குள்ள..." தலையைச் சொறிந்தார். "ஆனா மெத்தை லைசென்ஸ்ல வராது, யாரையும் கேக்க வேண்டாம். அது வண்டியோட சாமான் இல்லை, படுக்கை."

"மந்திரி சீட்டுக்கு வந்த ஸ்பாஞ்சு மிச்சம் கிடக்கு சார். நல்ல தடிமன்."

"அப்படி எதையும் நான் பார்க்கலையே" என்று அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சாப்பிடக்கூடப் போகாமல் தைத்தாள். கழுத்துக்கு, இடுப்புக்கு, குதிகாலுக்குத் தனித்தனித் திண்டு. மூட்டையை இறக்கிவிட்டு அந்த இடத்தில் தானே ஏறிப் படுத்து, கைகளையும் சேர்த்து பெல்ட் பூட்டச் சொன்னாள். தரையில் நிறுத்தியபடியே பைலட் என்ஜினை ஓட்டிக் காட்டினார். தலைக்குமேல் இறக்கை சுற்றச் சுற்ற, ஜன்னலில் நிழலும் வெளிச்சமும் மாறி மாறி ஓடின. அதிர்வு எங்கேயோ தூரத்தில் கேட்டது. கண் தானாகச் செருகியது.

"எப்படி இருக்குக்கா?" காதில் பைலட்டின் குரல்.

"தம்பிக்குத் தூக்கம் வந்துடும்."

சொன்ன பிறகுதான், தம்பி இதில் படுப்பான் என்று காலையிலிருந்து நினைக்கவே பயந்ததைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டது உறைத்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெல்ட் பூட்டியிருந்ததால் முகத்தைத் துடைக்கவும் கை எட்டவில்லை.

"மலைக்கு எப்ப கொண்டு போறீங்க?" என்று கேட்டாள்.

"நாளைக்குக் காலையில."

"நாளைக்கு எதுக்கு? இன்னைக்கே கொண்டு போங்க."